வீடியோ பாடங்களுக்கு டிஆர்எம்: உரிம விதிகளோடு சில ஆண்டுகள்

மதுரையில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் இணைய வகுப்புகளின் தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது. கட்டணம் வாங்கிக்கொண்டு நாங்கள் ஏற்றிய பாடங்கள் அதே வாரத்தில் டெலிகிராம் குழுக்களில் இலவசமாகச் சுற்றின. இரவு பகலாகப் பாடம் தயாரித்த ஆசிரியர்கள் மனம் வெறுத்துப்போனார்கள். அதன் பிறகுதான் டிஆர்எம் ஏற்பாட்டுக்கு மாறினோம்: வீடியோவைப் பூட்டி, அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கும்படி செய்யும் தொழில்நுட்பம் அது. சில ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு என் கருத்து இதுதான்: கோப்பைப் பூட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. யார், எந்தக் கருவியில், எத்தனை நாள் பார்க்கலாம் என்று உரிமத்தில் எழுதும் விதிகளில்தான் எல்லாம் இருக்கிறது. திருடுபவரை மட்டும் மனத்தில் வைத்து அந்த விதிகளை எழுதினால், பணம் கட்டியவர்தான் அவதிப்படுவார்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ ஏஇஎஸ் என்ற முறையில் 128 பிட் சாவியால் குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பூட்டப்படுகிறது. கோப்புக்குள் சாவி இருக்காது. அதன் அடையாள எண் மட்டும் இருக்கும். மாணவர் பாடத்தைத் திறந்ததும் பிளேயர் அந்த எண்ணைச் சொல்லி உரிம சர்வரிடம் கேட்கிறது. சர்வர் சாவியையும் நிபந்தனைகளையும் சேர்த்து அனுப்புகிறது. கருவிக்கேற்ப மூன்று டிஆர்எம் முறைகள் உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றுக்குக் கூகுளின் வைட்வைன். ஐபோனுக்கும் சஃபாரிக்கும் ஆப்பிளின் ஃபேர்பிளே. விண்டோஸுக்கும் பல டிவிகளுக்கும் மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. பிரவுசர்கள் இவற்றோடு பேசும் முறையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் தரநிலையாக்கிவிட்டது. ஆனாலும் மூன்றும் மூன்றாகத்தான் நிற்கின்றன. மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து உரிமம் வழங்கும் இடைநிலை நிறுவனம் ஒன்றை அமர்த்திக்கொள்வதுதான் எங்களைப் போன்ற சிறிய மையத்துக்குக் கட்டுப்படியாகும்.

இந்த முறைகளில் நம் மையத்தைப் பதிந்துகொள்ளும் வேலையில் ஃபேர்பிளேதான் நிதானம் கேட்பது. ஆப்பிளின் டெவலப்பர் கணக்கு வழியாக விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகு, நம் கணினியில் தனிச்சாவி ஒன்றை உருவாக்கிச் சான்றிதழ் கோரிக்கையை ஏற்ற வேண்டும். அப்போது 32 எழுத்துகள் கொண்ட ரகசியச் சாவி ஒன்று திரையில் தோன்றும். ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். பிறகு அதை மீட்க வழியில்லை. நாங்கள் அதைக் காகிதத்தில் எழுதி, இருவர் தனித்தனியாக வாசித்துச் சரிபார்த்து, உறையில் ஒட்டி, கட்டட வாடகைப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். இதில் அவசரம் வேண்டாம் என்று புதிதாகத் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கோப்புகளைத் தயார்செய்ய ஷாகா பேக்கேஜர் என்ற திறமூல மென்பொருள் போதும். குறியாக்கத்தில் இரண்டு வகைகள் உண்டு: சென்க், சிபிசிஎஸ். ஃபேர்பிளே இரண்டாவதை மட்டுமே ஏற்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் முதலாவதைத்தான் அறியும். எங்கள் மாணவர்களில் பலரிடம் இருப்பவை பழைய போன்கள். எனவே ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு பிரதிகளாக வைத்திருக்கிறோம். சேமிப்புச் செலவு கூடுகிறது, வேறு வழியில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது படத்தின் தரம். வைட்வைனில் எல்1, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் இருக்கின்றன. எல்1 போனின் வன்பொருளுக்குள் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இயங்குவது. எல்3 வெறும் மென்பொருள். ஒவ்வொரு தரத்துக்கும் தனிச் சாவி வைத்தால், எல்3 கருவிக்கு உயர்தரத்தின் சாவியைத் தராமல் விட்டுவிடலாம். திரைப்படத்துக்கு அது நியாயம். கணக்கு வகுப்புக்கு அது பெரும் கேடு. 480 வரித் தரத்தில் கரும்பலகையின் அடுக்குக்குறிகள் கரைந்துபோகின்றன. X-இன் மேலே இருப்பது 3 என்றும் 8 என்றும் புரியாமல் மாணவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். விலை குறைந்த போன் வைத்திருப்பவருக்கு மங்கலான பாடம் என்பது எனக்கு ஒப்பவில்லை. எல்3 கருவிகளுக்கும் 720 வரித் தரம் வரை திறந்துவிட்டோம்.

அடுத்தது கால வரம்பு. இடைநிலை நிறுவனம் தந்த மாதிரி விதி, பதிவிறக்கிய பாடம் 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்று சொன்னது. வாடகைக்குப் படம் பார்ப்பவருக்கு வகுத்த கணக்கு அது. உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்து மாணவி, சனிக்கிழமை நகரத்து நூலகத்துக்கு வரும்போது வாரப் பாடங்களை எல்லாம் இறக்கிக்கொண்டு போவார். வீட்டில் சிக்னல் கிடையாது. கோப்பு போனில் இருந்தும் செவ்வாய்க்கிழமை திறக்கவில்லை. விசாரித்தபோது இதே நிலையில் இன்னும் பலர் இருந்தார்கள். விதியை மாற்றினோம்: உரிமம் பாடத்திட்டம் முடியும் நாள்வரை செல்லும், இணையம் கிடைக்கும்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. நிறுவனம் வழங்கும் உரிமங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே எங்களுக்குப் பில் வருகிறது. இணையம் வழியாகப் பார்ப்பவர் பாடத்தைத் திறக்கும்போதெல்லாம் புது உரிமம் போகிறது. பதிவிறக்கியவருக்கு ஒன்றே நெடுநாள் வரும். மாணவருக்கு வசதியான விதியே எங்களுக்கும் சிக்கனமாக அமைந்தது.

ஒரு கணக்குக்கு ஒரே கருவி என்ற விதியையும் தளர்த்தினோம். போன் உடைந்தால் அக்காவின் போனில் படிப்பவர்களைத் திருடர்களாக நடத்தக் கூடாது. இப்போது இரண்டு கருவிகள் பதியலாம். ஒரே நேரத்தில் ஒன்றில்தான் ஓடும்.

டிஆர்எம் எதைத் தடுக்காது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கோப்பை அப்படியே இறக்கிப் பகிர்வது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் கணினியில் எல்3 நிலையில் இயங்கும் பிரவுசரில் திரைப் பதிவு செய்ய முடிகிறது. இன்னொரு போனை நீட்டிப் படம்பிடிப்பவரை எந்த உரிமமும் தடுக்காது. அதற்காகப் பார்ப்பவரின் பதிவு எண்ணைத் திரையில் மெல்லிய எழுத்தில் இடம் மாற்றி மாற்றிக் காட்டுகிறோம். கசிந்த பிரதி கிடைத்தால், யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அப்போதும் முதலில் அழைத்துப் பேசுகிறோம். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

ஒப்பந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை இடைநிலை நிறுவனத்தின் உரிம சர்வர் முடங்கி, இணையம் வழியாகப் பார்த்த அத்தனை பேருக்கும் கறுப்புத் திரைதான் தெரிந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் அது. எங்கள் சர்வர், எங்கள் கோப்பு எல்லாம் நலமாக இருந்தும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்படி முன்பும் நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2008இல் எம்எஸ்என் மியூசிக் என்ற தன் இணையப் பாட்டுக் கடையின் உரிம சர்வர்களை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பின் 2011 இறுதிவரை தள்ளிவைத்தது; காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவர்கள் புதுக் கணினிக்கு மாற முடியாமல் போகும் நிலை அது. ஆகவே புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை சேர்த்தோம்: எல்லாப் பாடங்களின் சாவிகளையும் அவற்றின் அடையாள எண்களோடு, சாவிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுவான சிபிக்ஸ் வடிவத்தில், கேட்ட நேரத்தில் எங்களிடம் தர வேண்டும். அவை கையில் இருந்தால், கோப்புகளை மறுபடி குறியாக்கம் செய்யாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். முதலில் தயங்கினார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.