ஏற்காட்டு மலைல பாம்பு கடிச்சா: ஏஎஸ்வி ஊசியா, வரப்போற மாத்திரைகளா?

போன காப்பி சீசன்ல எங்க சித்தப்பாவ நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்துல கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. சில்வர் ஓக் சருகுக்குள்ள கெடந்துருக்கு, பாக்காம கை வெச்சுட்டாரு. சாயங்காலம் நாலரை மணி. மொதல்ல மந்திரிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போய் அங்கயே ஒன்றரை மணி நேரம் போச்சு, அப்புறம் ஜீப் புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி எட்டு. டாக்டர் 2 மில்லி ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூப்ல ஊத்தி 20 நிமிஷம் அசைக்காம நிக்க வெச்சாங்க. அப்புறம் டியூப சாச்சுப் பாத்தா, உறைஞ்சு கெட்டியா நிக்க வேண்டிய ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி அப்படியே ஓடுது. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் பி.பார்ம் படிச்சு மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிறவன். அந்த 20 வளைவு எறங்குற நேரத்துல வாயில போட ஒரு மாத்திரை கூட நம்மகிட்ட இல்லியான்னு அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச தேடல்தான் இது. ஆராய்ச்சியில இருக்கிற வரஸ்பிளாடிப், மாரிமாஸ்டாட், யூனிதயால்ங்கிற மூணு மருந்த, இப்ப கையில இருக்கிற விஷமுறிவு ஊசியான ஏஎஸ்வியோட வெச்சுப் பாக்குறேன். மூணுமே பாம்புக்கடிக்குன்னு இன்னும் கடைக்கு வரல, யாரும் தேடி அலையாதீங்க.

மொதல்ல ஏஎஸ்வி. குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா விஷத்த ஏத்தி அதோட ரத்தத்துலேர்ந்து எடுக்கிற எதிர்ப்பொருள்தான் இது. விஷம் பெரும்பாலும் மாமல்லபுரம் பக்கத்துல 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேர்ந்து போகுது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேத்து ஒரே மருந்து. உயிரக் காப்பாத்துது, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா மலைல இருக்கிற மூங்கில் விரியனுக்கு இது கேக்காது. இன்னொண்ணு, இது பெரிய மூலக்கூறு, 1 லட்சம் டால்டன் எடை, அதனால ரத்தத்துக்குள்ள சுத்துற விஷத்ததான் நல்லா புடிக்கும், கடிவாய்ல சதைக்குள்ள எறங்குன விஷத்துகிட்ட சரியா போய்ச் சேராது. சித்தப்பாவுக்கு மொதல்ல 10 பாட்டில் ஏத்துனாங்க, பாதியில குளிர் நடுக்கம் வந்து உடம்பெல்லாம் தடிப்பு, நிறுத்தி அட்ரினலின் போட்டு மறுபடியும் ஏத்துனாங்க, 6 மணி நேரம் கழிச்சு டியூப் டெஸ்ட்ல அப்பவும் உறையல, இன்னும் 10. விடிகாலைலதான் உறைஞ்சுது. உயிர் தப்பிச்சாரு, ஆனா கிட்னிக்கு 3 தடவ டயாலிசிஸ் ஆச்சு, வலது கை பெருவிரல் இன்னிக்கும் முழுசா மடங்காது. இப்படி அலர்ஜி வந்தா சமாளிக்க ஆளும் மருந்தும் வேணும்ங்கிறதாலதான் தோட்டத்துல வெச்சு இத குடுக்க முடியாது.

இப்ப வரஸ்பிளாடிப். எனக்கு இதுலதான் ரொம்ப நம்பிக்கை, அதனால நீளமாவே சொல்றேன். விஷத்துல பாஸ்போலிப்பேஸ் ஏ2ன்னு ஒரு என்சைம் இருக்கு, அநேகமா எல்லா விஷப்பாம்புலயும் உண்டு. செல்லோட சவ்வ அறுக்கிறது, சதைய கரைக்கிறது இதோட வேல, கட்டு விரியன் விஷத்துல நரம்பு முனைய உள்ளேர்ந்தே அழிக்கிறதும் இந்தக் குடும்பம்தான். நரம்பு முனை ஒரு தடவ அழிஞ்சா ஏஎஸ்வி எத்தன பாட்டில் ஏத்துனாலும் அத திருப்பிக் கொண்டு வர முடியாது, அது தானா வளர்ற வரைக்கும் வென்டிலேட்டர்தான், அதனாலதான் நேரம் இவ்ளோ முக்கியம். வரஸ்பிளாடிப் அந்த என்சைம அடைக்குது. எடை வெறும் 380 டால்டன், சதைக்குள்ள ஈஸியா போகும், மெத்தில் சேத்த வடிவத்துல வாய் வழியா குடுக்கலாம்.

இது முதல்ல ஹார்ட் அட்டாக்குக்காக பண்ணுன மருந்து. விஸ்டா-16னு 5,145 பேர வெச்சு நடந்த பெரிய ட்ரையல்ல பலன் இல்லாததோட மாரடைப்பு கூடுற மாதிரி தெரிஞ்சதால 2012ல நிறுத்திட்டாங்க. ஆனா அங்க குடுத்தது 16 வாரம், பாம்புக்கடிக்கு சில நாள்தான். அந்த வித்தியாசத்த கணக்குல எடுக்கணும், அதுக்காக பயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பாம்புக்கடிக்கு அமெரிக்காவுலயும் இந்தியாவுலயும் சேத்து 95 பேருக்கு ட்ரையல் நடந்துச்சு, அதுல நம்ம கண்ணாடி விரியன் கடிச்சவங்களும் இருந்தாங்க. வழக்கமான சிகிச்சையோட சேத்துக் குடுத்துப் பாத்ததுல மொத்தமா வித்தியாசம் இல்ல, சொல்லப்போனா பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெத்து மாத்திரை வாங்குனவங்க ஒரு மயிரிழை முன்னால. ஆனா கடிச்சு 5 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்ச 37 பேர மட்டும் தனியா பாத்தா பலன் தெரிஞ்சுது. 37 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை, இத வெச்சு முடிவு கட்ட முடியாதுங்க. இருந்தாலும் நாலரைக்குக் கடி வாங்குன ஒருத்தர எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில பாத்தவன் நான், அந்த 5 மணி நேரம்ங்கிற வார்த்தைய படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

வரஸ்பிளாடிப்போட ஓட்டை எங்கன்னா, நல்ல பாம்பு விஷத்துல மூச்ச நிறுத்துறது வேற வகை புரதம், அத இது தொடாது. சுருட்டை விரியன்கிட்டயும் திணறும், ஏன்னா அந்த விஷத்துல தூக்கலா இருக்கிறது மெட்டலோபுரோட்டியேஸ், துத்தநாகத்த நடுவுல வெச்சு வேல செய்ற என்சைம். ரத்தக் குழாய ஓட்ட போட்டு, உறையுற சத்தையும் தின்னு தீக்கிறது அதான்.

அந்த எடத்துக்குத்தான் மத்த ரெண்டும் வருது. மாரிமாஸ்டாட் கேன்சருக்காக பண்ணி தோத்துப் போன மருந்து, மாசக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு மூட்டு வலியும் இறுக்கமும் வந்துச்சு. அந்த துத்தநாகத்துலயே போய் ஒட்டி என்சைம முடக்கும், சக்தி அதிகம். யூனிதயால் பாதரசம், ஆர்சனிக் விஷத்துக்கு ரொம்ப வருஷமா குடுக்கிறது, துத்தநாகத்தயே உருவி எடுத்துரும். மாரிமாஸ்டாட் அளவுக்கு வீரியம் இல்ல. ஆனா மனுஷனுக்குக் குடுத்து பழகுன மருந்து, கென்யாவுல கிலிஃபிங்கிற ஊர்ல ஆரோக்கியமான 64 பேருக்கு குடுத்துப் பாத்து நல்லா தாங்குதுன்னு சொல்லியிருக்காங்க. எலிகள்ல ஆப்பிரிக்க சுருட்டை விரியன் விஷத்துக்கு வேல செஞ்சுது. நம்ம ஊர் சுருட்டை வேற இனம், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கக் கூடாது.

என் கணக்குல ஒண்ண மட்டும் மலை மேல வெக்கணும்னா வரஸ்பிளாடிப்தான், கண்ணாடி விரியன், கட்டு விரியன் ரெண்டுக்குமே அதுக்கு வேல இருக்கு. சேலத்துச் சுத்துப்பட்டு காஞ்ச கரடு, பாறைப் பக்கம்னா சுருட்டைதான் பயம், அங்க யூனிதயால் பக்கம் சாய்வேன். கடிச்சது எதுன்னே தெரியாம இருட்டுல ஓடி வர்றவங்கதான் அதிகம்ங்கிறதால ரெண்டு வகையையும் சேத்துக் குடுக்கிறதுதான் சரி, வரஸ்பிளாடிப்பும் மாரிமாஸ்டாட்டும் சேத்து 2020ல இங்கிலாந்து லிவர்பூல் ஆராய்ச்சியாளருங்க எலிகள்ல பண்ணுனதுல ஒண்ண விட ரெண்டு சேந்தா நல்லா காப்பாத்துச்சு. எது வந்தாலும் ஏஎஸ்விய தூக்கிட்டு அந்த எடத்துல ஒக்கார முடியாது, அதுகிட்ட உயிரோட போய்ச் சேர்ற நேரத்த வாங்கித் தர்றதுதான் இந்த மாத்திரைகளோட வேல.

அது வர்ற வரைக்கும் மலைல இருக்கிறவங்க: கயிறு இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வெச்சு உறிஞ்சாதீங்க. கைய அசையாம ஒரு கட்டைல வெச்சுக் கட்டி, மோதிரம் வளையல கழட்டிட்டு, மந்திரிக்கிற எடத்துக்குப் போகாம நேரா வண்டில ஏத்துங்க. கடிச்ச மணிய செல்போன்ல குறிச்சு வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட மொத வார்த்தையா அத சொல்லுங்க.