ஓர் அறைக்காக ஒரு கலைஞர் பட்ட பாடு: ‘எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோஸ்’ ஆவணப்படம்

அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை மேடையையும் கிதாரையுமே சுற்றி வருகின்றன. ஜான் மெக்டெர்மாட் இயக்கி 2024-இல் வெளிவந்த ‘எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோஸ்: எ ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் விஷன்’ எடுத்துக்கொண்ட பொருளே வேறு. சுவர், கூரை, தண்ணீர், கடன் ஆகிய நான்கையும் சமாளித்து அவர் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக்கூடம் எழுப்பிய கதையை, அவரோடு நின்று கட்டியவர்களின் வாய்மொழியாகவே இப்படம் சொல்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வீட்டு மாடியில் ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கப் புறப்படுவதற்கு முன்னால் அவர்கள் பார்க்க வேண்டிய படம் இது என்பது என் உறுதியான கருத்து.

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், மேற்கு 8-ஆம் தெருவின் 52-ஆம் எண் கட்டடத்தில், ‘ஜெனரேஷன்’ என்றோர் இரவு விடுதி இயங்கி மூடப்பட்டிருந்தது. ஹெண்ட்ரிக்ஸும் அவருடைய மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரியும் 1968-இல் அவ்விடத்தை வாங்கியபோது, அதை மீண்டும் விடுதியாகவே நடத்துவதுதான் திட்டம். ஆனால் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ இசைத்தட்டுக்காகப் பிறருடைய ஸ்டுடியோக்களில் பல மாதங்கள் செலவிட்டு, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துவந்த கலைஞர் அவர். ‘விடுதி எதற்கு, உலகிலேயே சிறந்த ஸ்டுடியோவைக் கட்டிவிடலாமே’ என்று அவருடைய ஒலிப்பொறியாளர் எடி கிராமர் சொன்ன யோசனை அவர் மனத்தில் பதிந்துவிட்டது. சொந்த அறை இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் வாசிக்கலாம். அந்த ஒரு வசதிக்காக அவர் என்னவெல்லாம் கொடுத்தார் என்பதே படத்தின் உயிர்.

வரைபடம் போட்டவர் ஜான் ஸ்டோரிக். அப்போது அவருக்கு வயது 22, கல்லூரியை விட்டு வெளியே வந்திருந்த சமயம். சோஹோ பகுதியில் ‘செரிப்ரம்’ என்ற விடுதிக்கு அவர் அமைத்திருந்த உள்வடிவமைப்பு ஹெண்ட்ரிக்ஸுக்குப் பிடித்துப்போனதால் இந்த வேலை அவர் கைக்கு வந்தது. விடுதிக்காக அவர் வரைந்து முடித்த திட்டம் கைவிடப்பட்டு, ஸ்டுடியோ வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, ஒலிப்பதிவுக்கூடத்தைப் பற்றிய அனுபவம் ஏதும் இல்லாத அவர் ஒலியியலைப் புதிதாகக் கற்றுக்கொண்டே கட்ட வேண்டியிருந்தது. வளைந்த சுவர்கள், நிறம் மாறும் விளக்குகள், விண்கலம் பறக்கும் சுவரோவியம் ஆகியவை ஹெண்ட்ரிக்ஸின் விருப்பப்படி வந்தவை. அதுவரை ஸ்டுடியோ என்றாலே ஆய்வுக்கூடத்தைப் போன்ற வெறுமையான அறை என்றிருந்த நிலையை இக்கூடம் மாற்றியது. இன்று உலகெங்கும் உள்ள ஒலிப்பதிவு அறைகளில் தென்படும் இதமான சூழலுக்கு வழிகாட்டியவற்றுள் இது முதன்மையானது.

படத்தில் நான் மிகவும் ஒன்றிப்போன பகுதி தண்ணீரைப் பற்றியது. தரைக்குக் கீழே தோண்டியபோது, நகரம் எழுவதற்கு முன்பு அப்பகுதியில் ஓடிய மினெட்டா என்ற ஓடை, மண்ணுக்கடியில் இன்னும் உயிரோடு இருப்பது தெரியவந்தது. வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் வெள்ளம் புகுந்தது. நீரை இறைத்து வெளியேற்ற நிலையாகவே மோட்டார்கள் வைக்கப்பட்டன. மோட்டார் ஓடினால் இரைச்சல் வரும். அந்த இரைச்சல் மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் ஈரத்தைக் காணாத பல்லடம், அவிநாசி வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இடத்தின் இயல்பை அறியாமல் கட்டடம் எழும்பாது என்பது கிணறு வெட்டிய எவருக்கும் தெரிந்ததுதான்.

அதே கட்டடத்தில் ஒரு திரையரங்கும் இருந்ததால், அங்கிருந்து ஒலி இங்கே வராமலும் இங்கிருந்து அங்கே போகாமலும் தடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப்பக்கம் அறை அமைப்போர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறி ஓடும் தெருவில் ஓர் அறையை எடுத்துச் சுவர் முழுவதும் பஞ்சு மெத்தைத் துண்டுகளையோ முட்டை அட்டைகளையோ ஒட்டிவிட்டால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அறைக்குள் எழும் கீச்சொலியின் எதிரொலியை அவை ஓரளவு குறைக்கும், அவ்வளவே. தறியின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருவது. விநாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுடையது. இரண்டு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? கனமான சுவர் வேண்டும், அந்தச் சுவருக்குள் அதைத் தொடாத இன்னொரு சுவர் வேண்டும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், கதவிடுக்கில் காற்று நுழையக் கூடாது. எலெக்ட்ரிக் லேடியின் பெரிய அறையில் வளைத்துப் பூசப்பட்ட கூரை, தாழ்ந்த ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையதாக அமைந்தது. அவ்வறையின் ஓசை இன்றளவும் போற்றப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணத்தைப் பொறுத்தவரை கதை வேதனையானது. செலவு பத்து லட்சம் டாலரை எட்டியது. கையிருப்பு தீர்ந்தபோது வேலை நின்றது. ஹெண்ட்ரிக்ஸ் ஊர் ஊராகக் கச்சேரி செய்து பணம் கொண்டுவந்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் கடனும் பெறப்பட்டது. இதைப் பார்க்கையில் நம் மண்ணின் ஸ்டுடியோக்கள் என் நினைவுக்கு வந்தன. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும், சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் சென்னைக்கு இணையாகப் படம் எடுத்த இடங்கள். அவற்றை எழுப்பியவர்கள் முதலாளிகள். நடிகரும் பாடகரும் இசைக்கலைஞரும் அங்கே மாதச் சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ வேலை செய்தார்கள். கலைஞரே முதலாளியாகத் தம் உழைப்பை முழுவதும் கொட்டிக் கட்டிய கூடம் என்பதுதான் நியூயார்க் கதையின் வேறுபாடு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, 50 ஆண்டுகளைக் கடந்தும் அதே முகவரியில் தொழில் நடத்தும் ஒரு ஸ்டுடியோவைத் திரையில் காண்பது பெரும் ஏக்கத்தைத் தரும். பட்சிராஜாவுக்கும் இப்படியொரு படம் எடுக்கப்பட வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளாவது இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும்.

இசைப் பகுதிக்கு வந்தால், எடி கிராமர் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியின் முன் அமர்ந்து ‘ஃப்ரீடம்’, ‘ஏஞ்சல்’, ‘டாலி டாகர்’ ஆகிய பாடல்களின் மூலப்பதிவுகளைத் திறந்து, ஒவ்வொரு டிராக்காக, அதாவது தனித்தனியே பதிவான ஒவ்வோர் ஒலித்தடமாக, ஒலிக்கவிடுகிறார். முழுப் பாடலில் ஒன்றோடொன்று கலந்து கேட்கும் கிதார்கள் தனியாக ஒலிக்கும்போது, ஒவ்வொன்றும் எத்தனை கவனத்துடன் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்குகிறது. உடுக்கையையோ பம்பையையோ பதிவு செய்வோருக்கு இந்தப் பகுதி தனிப்பாடமே ஆகும். ஒரு கருவிக்கு அறை எவ்வளவு சேர்க்கிறது, மைக் எவ்வளவு சேர்க்கிறது என்பதைக் காதால் பிரித்தறிய இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது. 1970 ஜூனில் அங்கே நடந்த முதல் பதிவில் உடன் வாசித்த ஸ்டீவ் வின்வுட்டும், பேஸ் கிதார் வாசித்த பில்லி காக்ஸும் பேசும் பகுதிகளும் உண்டு.

1970 ஆகஸ்ட் 26 அன்று முறையான திறப்பு விழா நடந்தது. அடுத்து ஹெண்ட்ரிக்ஸ் ஐல் ஆஃப் வைட் இசைவிழாவுக்காக இங்கிலாந்து சென்றார். செப்டம்பர் 18 அன்று, 27-ஆம் வயதில், லண்டனில் இறந்துபோனார். கட்டி முடித்த கூடத்தில் வாசிக்க அவருக்குக் கிடைத்தது ஒரு கோடைக்காலம்தான்.

குறை என்று பார்த்தால், இது ஹெண்ட்ரிக்ஸ் குடும்ப நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பணத்தைக் கையாண்ட மைக்கேல் ஜெஃப்ரி 1973-இல் விமான விபத்தில் இறந்துவிட்டதால், கணக்கில் அவர் தரப்பைச் சொல்ல ஆளில்லை. ஸ்டீவி வொண்டர், பட்டி ஸ்மித் போன்ற பாடகர்கள் பின்னாளில் அங்கே செய்த பதிவுகளைப் பற்றி விரிவாக அறிய விரும்புவோருக்கும் இப்படம் போதாது. இதன் கண் கட்டுமானத்தின் மீதும் 1970-ஆம் ஆண்டின் மீதுமே நிலைத்திருக்கிறது. என் அளவில் அந்தக் குறுகிய பார்வையே படத்துக்கு அழுத்தம் தருகிறது.

படம் தனியாக அல்லாமல், 39 பதிவுகள் கொண்ட இசைத்தொகுப்புடன் புளூ-ரே வட்டாகவும் விற்கப்படுகிறது. விலை கூடுதல்தான்; நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொகுப்பை வாங்கிக்கொள்ளலாம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பார்த்தால் கிராமர் காட்டும் வேறுபாடுகள் ஒன்றும் காதில் விழாது. நல்ல ஹெட்போனோ அறைக்கேற்ற ஒலிபெருக்கிகளோ இருப்பவர்கள் மட்டும் அந்தப் பகுதியை ஒரே மூச்சில் பார்க்காமல், நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும்.