87,500 ரூபாய் போச்சு: செகண்ட் ஹேண்ட் கார்பன் சைக்கிள் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

போன ஞாயிற்றுக்கிழமை கோவாவில் என் முதல் அரைத் தூர டிரையத்லான். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நான் முடித்தது நீச்சலும் 38 கிலோமீட்டர் சைக்கிளும் மட்டும். என் கால் ஏமாற்றவில்லை. எனக்கு விற்கப்பட்ட சைக்கிள் ஏமாற்றியது. இன்று காலை அதை விற்றவர்களிடமிருந்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது.

விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. புகார் நடக்கும்போது போடாதே என்று வக்கீலாக இருக்கும் என் ஓட்டத் தோழி சொல்லிவிட்டாள். பழைய சைக்கிள்களை வாங்கி, 'சரிபார்த்து', ஆன்லைனில் விற்கிற இடம். ஊருக்கு வெளியே ஒரு ஷோரூமும் உண்டு. இதற்கு மேல் சொல்ல முடியாது.

நான் 36 வயதில்தான் நீச்சலே கற்றுக்கொண்டேன். வேளச்சேரி நீச்சல் குளத்தில், என் மகளோடு சேர்ந்து. ரெண்டு வருஷமாகக் காலை 4 மணிக்கு எழுந்து, திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மகாபலிபுரம் வரை என் பழைய அலுமினியம் சைக்கிளை மிதித்திருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கிய உடனே ஓடிப் பழகுவதை 'பிரிக்' என்போம். முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கால் ரெண்டும் செங்கல் கட்டின மாதிரி இருக்கும். அதெல்லாம் பழகின பிறகுதான் கார்பன் இழையால் செய்த ஃப்ரேம் இருக்கிற ஒரு நல்ல சைக்கிள் வேண்டும் என்று சீட்டுப் பணத்தை எடுத்தேன். நகை வாங்க வைத்திருந்த பணம். 87,500 ரூபாய்.

ரேஸுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அந்த ஷோரூமுக்குப் போனேன். அங்கே இருந்த தம்பிக்கு 25 வயது இருக்கும். சுவரில் அவனுடைய மெடல்கள் மாட்டியிருந்தன. முழங்காலில் விழுந்த தழும்பு. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லி, ஒரு புத்தகத்தை வைத்து என் கால் உயரத்தை அளந்தான். சீட்டை ஏற்றி இறக்கி, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று மூன்று முறை பார்த்தான். இதுவரை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. பெண்கள் வந்தால் கூடை வைத்த சைக்கிளைக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். "அக்கா, நானும் ரேஸ் ஓட்டுறவன்தான். எங்க அக்கா கேட்டா எதைக் கொடுப்பேனோ அதைத்தான் உங்களுக்குக் காட்டுறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன்.

நான் கேட்காமல் இல்லை. ஹேண்டில் சேருகிற இடத்துக்குக் கீழே, ஃப்ரேமின் அடிப்பக்கம் ஒரு புது ஸ்டிக்கர் இருந்தது. இது மட்டும் ஏன் புதுசா இருக்கு என்று கேட்டேன். "கல் பட்டுக் கீறக்கூடாதுன்னு ஒட்டியிருக்கோம் அக்கா" என்றான். 40 டிக் போட்ட ஒரு தாளைக் கொடுத்தான். அதில் "ஃப்ரேம்: விரிசல் இல்லை" என்று ஒரு வரி. அங்கேயே போனில் 87,500 ரூபாய் அனுப்பினேன். சைக்கிளை அவனே காரில் ஏற்றி, துணி சுற்றி, கதவை மெதுவாகச் சாத்தினான்.

ரேஸ் அன்று நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம்தான் நேரம். நான் 54 நிமிடத்தில் மிராமர் கரை ஏறினேன். அழுகையே வந்துவிட்டது. ஹெல்மெட் பட்டையை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கணும் என்பது விதி. மாட்டும்போது விரல் நடுங்கியது, சந்தோஷத்தில். 30 கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு முன்பக்கம் 'டக், டக்' என்று ஒரு சத்தம். ஒரு இறக்கத்தில் ஹேண்டில் தன்னால் ஆடியது. 38-வது கிலோமீட்டரில் ஓரம் கட்டி நிறுத்தி, குனிந்து பார்த்தேன். அந்த ஸ்டிக்கரின் ரெண்டு பக்கமும் முடி அளவுக்கு ஒரு கோடு வெளியே வந்திருந்தது.

ரேஸ் மெக்கானிக் வந்து பார்த்தார். ஸ்டிக்கரைக் கிழித்தார். ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம். அப்புறம் "மேடம், இதுல ஒரு மீட்டர் கூட ஓட்டாதீங்க. அடுத்த இறக்கத்துல ரெண்டா போயிருக்கும்" என்றார். கணுக்காலில் கட்டியிருந்த, ரேஸ் நேரத்தைக் கணக்கிடும் சிப்பை நானே கழற்றிக் கொடுத்தேன். என் கணவரும் மகளும் ஓட்டப் பாதையில் எனக்காக அட்டை பிடித்து மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

சென்னை வந்ததும் கார்பன் வேலை செய்கிற ஒருவரிடம் காட்டினேன். பெயிண்ட்டைச் சுரண்டியதும் கீழே பழைய உடைப்பு, மேலே அவசரமாகச் சுற்றின ஒட்டுத் துணி, அதன்மேல் புது பெயிண்ட். கார்பன் உடைந்தாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக ஒட்டி, சொல்லி, விலை குறைத்து விற்றால் அது வியாபாரம். இவர்கள் மறைத்து, டிக் போட்டு, 87,500 ரூபாய் வாங்கினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் என் உயிர் அந்த ஒட்டுத் துணியை நம்பி இருந்தது.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். திங்கள்: "7 நாள் ரிட்டர்ன் முடிஞ்சிருச்சு மேடம்." செவ்வாய், வேறொரு குரல்: "ரேஸ்ல ஓட்டினா அது முரட்டு உபயோகம், வாரண்டி கிடையாது." ரேஸுக்கு என்று சொல்லித்தானே வாங்கினேன்! புதன்: "ஃப்ளைட்ல உடைஞ்சிருக்கும்." சைக்கிள் ஃப்ளைட்டிலேயே ஏறவில்லை, எங்கள் காருக்குள் மெத்தை போட்டுக் கொண்டுபோனோம் என்றேன். போன் கட். வியாழன் நேரில் போனேன். முதலாளி ஊரில் இல்லையாம். அந்தத் தம்பி உள்ளேதான் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். அன்று ராத்திரி அவனுக்கு ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த படத்தை அனுப்பி, "உங்க அக்காவுக்கு இதைக் கொடுப்பியா?" என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். பார்த்தான். பதில் இல்லை. பிறகு பிளாக்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுவதாக நேற்று குரூப்பில் சொல்லியிருந்தேன். இப்போது முடியவில்லை. சிலது மட்டும்.

ஸ்டிக்கர் இருந்தால் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் ஃப்ரேம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங்' என்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் 'டப்' என்று மந்தமானால் அங்கே சந்தேகப்படுங்கள். பெடல் சேருகிற இடத்துக்கு அடியில் பெரும்பாலும் சீரியல் நம்பர் இருக்கும், படம் எடுங்கள். அவர்கள் கொடுக்கும் தாளை நம்பாமல், பணம் கொடுக்கும் முன் வேறொரு மெக்கானிக்கை அழைத்துப்போங்கள். 1,000 ரூபாய் செலவாகட்டும், 87,500 போவதற்கு அது பரவாயில்லை. பேச்சை எல்லாம் மெசேஜில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், நான் செய்துவிட்டேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரி '40 டிக்' தாளோடு யாராவது சைக்கிள் வாங்கியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ரைடுக்கு எடுக்காதீர்கள். முதலில் ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் பாருங்கள். கோடு இருந்தால் படத்தை எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.