ஊட்டிக் குளிருக்கு எந்த தோசைக்கல்? நாலையும் புழங்கிப் பார்த்ததில்

"நான்ஸ்டிக் தவா பாதி விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" என்று கோத்தகிரி நண்பர் கேட்டிருந்தார். நான்ஸ்டிக், செராமிக், ஹார்ட் அனோடைஸ்டு, பழக்கிய இரும்பு நாலும் எங்கள் அடுப்பில் புழங்குகின்றன.

மலையில் நான்ஸ்டிக்குக்குக் கரண்டிக் கீறலைவிடப் பெரிய எதிரி நம் அவசரம்தான். தவா சில்லென்றிருக்கிறதே என்று வெறுமனே இண்டக்‌ஷனில் முழு வேகத்தில் வைக்கிறோம். மெல்லிய தவா என்றால் மளமளவென்று 260 டிகிரியைத் தாண்டிவிடும். டெஃப்லான் பூச்சுக்கு அதுதான் எல்லை. 350-ஐத் தாண்டினால் அது சிதைந்து புகையாகும், வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் செத்தே போகும். சூட்டோடு குழாயடியில் காட்டினால் நடு உப்பிக்கொள்ளும். எண்ணெய் ஓரத்துக்கு ஓடும், முட்டை நடுவில் ஒட்டும். மிதமான சூடு, ஆறியபின் கழுவுதல், மரக்கரண்டி: இவ்வளவு செய்தால் உழைக்கும்.

செராமிக் பார்க்க அழகு. எண்ணெய்ப் படலம் இறுகிப் படிந்ததும் வழுக்கல் போய்விடும். பணம் தண்டம்.

ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்ஸைடாக்கியது. பெயின்ட் போல உரியாது. ஆனால் ஒட்டும். ஊட்டி உருளைக்கிழங்கு வறுவல் என்றால், நறுக்கிய கிழங்கை இரண்டு தரம் அலசி, துணியில் ஈரம் ஒற்றி, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் போட்டு, அடி சிவக்கும்வரை கிளறாமல் விட வேண்டும். எஃகு அடி இல்லாததை இண்டக்‌ஷன் சீண்டாது.

தோசைக்கு இரும்பை அடிக்க ஆளில்லை. கனத்த கல்லில் சூடு தங்குவதால், குளிர்ந்த மாவை ஊற்றினாலும் முறுகும். ஆனால் அந்தத் துரு! ஜூன், ஜூலை மூடுபனியில் துடைத்து மாட்டிய கல்லில்கூட மறுநாள் காலை ஆரஞ்சுத் தூள். முதல் தோசை பழுப்புக் கறையோடு குப்பைக்குத்தான். குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்பதுதான் காரணம். கழுவியதும் அடுப்பிலேயே ஈரத்தை வற்றவிட்டு, நாலு சொட்டுக் கடலை எண்ணெய் தடவி, அதையும் துணியால் முழுக்கத் துடைத்தெடுத்து, லேசாகப் புகை கிளம்பியதும் அணைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் பிசுக்கு. தக்காளி, புளி பட்டால் பழக்கியதெல்லாம் போச்சு. இதைத் தினமும் யார் செய்வது?

நண்பரே, இது ஜூலை. பேசாமல் அந்த நான்ஸ்டிக்கையே எடுத்துவிடுங்கள். ஜனவரி உறைபனியில், காற்று காய்ந்தபின் கேட்டிருந்தால் இரும்பைத் தவிர வேறு பெயரே சொல்லியிருக்க மாட்டேன்.