ஆட்டோவைத் தூக்க எது தோது: சரிப்பதா, ஜெக்கா, செயின் புளொக்கா?

இலங்கை மலைநாட்டில் ஆட்டோ வைத்திருக்கும் பலரும் கொஞ்சம் கொஞ்சமாக மெக்கானிக் ஆகிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. இந்த இறக்கங்களில் பின்பிரேக் லைனிங் சீக்கிரம் தேய்ந்துவிடும். சைலன்சர் மழைக்குத் துருப்பிடிக்கும். என்ஜினும் பின்னால்தான் இருக்கிறது. எந்த வேலைக்கும் வண்டியின் பின்பக்கம் மேலே வந்தாக வேண்டும்.

தூக்குவது பெரிய விஷயமே இல்லை. ஆள் ஏறாத வண்டி 350 கிலோ சொச்சம்தான். இரண்டு திடமான ஆட்கள் பிடித்தால் பின்பக்கம் எழும்பிவிடும். எழும்பிய பிறகு அது நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சில்லுகளில்தான் பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் பூட்டிக்கொள்வது பின்சில்லுகள்தான். அவை நிலத்தை விட்டு எழும்பியதும் இரண்டு பிடியும் போய்விடும். மிச்சம் தன் பாட்டில் உருளக்கூடிய முன்சில்லு ஒன்றுதான். சமதரையில் இது தெரியாது. ஹட்டன் பக்கம் சரிவில் இருக்கும் ஒரு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

காசே செலவில்லாத வழி, வண்டியைப் பக்கவாட்டில் சரிப்பது. கீழே இரண்டு பழைய டயர், பிடிக்க ஒரு துணை ஆள், அவ்வளவுதான். வண்டியைக் கழுவ, அடியில் கறுப்பு பெயின்ட் அடிக்க இதுவே போதும். சரிவான வாசல் என்றால் மேட்டுப் பக்கமாகத்தான் சரிக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் சரித்தால் பாதியில் நிறுத்த முடியாது. முதலில் பெட்டரியைக் கழற்றி வெளியே எடுங்கள், அசிட் கொட்டினால் தகரம் அரித்துப் போகும். பெற்றோல் டேப்பையும் மூடிவிடுங்கள். அப்படியும் டாங்கி மூடி வழியாகக் கசியலாம், அதனால் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. நாலு ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் ஒயில் எயார் ஃபில்டர் பக்கம் ஏறுவதும் உண்டு. நிமிர்த்தியதும் ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் விட்டு, ஒயில் அளவைப் பார்த்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். பிரேக் வேலைக்கு இந்த வழி சரிவராது. சரிந்து கிடக்கும் டிரம்மில் லைனிங் மாட்டுவது கழுத்தை ஒடிக்கிற வேலை.

மண்மேட்டின் விளிம்பிலிருந்து மரப்பலகை நீட்டி, வண்டியை அதன்மேல் ஓட்டி நிறுத்தும் யோசனையும் ஊரில் உண்டு. காருக்கு இரண்டு பலகை போதும். ஆட்டோவுக்கு மூன்று வேண்டும், அந்த மூன்றாவது பலகை நீங்கள் நிற்க வேண்டிய நடு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சில்லுகள் பலகையிலேயே இருப்பதால் அவற்றைக் கழற்றவும் முடியாது. வட்டவளைப் பக்கம் தென்மேற்கு மழையில் மண்மேடு எந்த நேரம் சரியும் என்று யாருக்குத் தெரியும்? இதை விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி ஜெக்குக்கும் செயின் புளொக்குக்கும்தான்.

வெறும் ஜெக்கைப் பின்பக்கம் கொடுத்து ஏற்றுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வண்டி முன்சில்லை மையமாக வைத்து வளைவாக எழும்பும், ஜெக் நேராக எழும்பும். உயரம் கூடக்கூட ஜெக்கின் தலை ஒரு பக்கம் இழுபடும். வெல்டிங் கடையில் பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) ஒரு சட்டம் செய்துகொள்வதுதான் வழி. ஆட்டோவின் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 2 மீற்றர். அடிச்சட்டத்தை அதைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்து, ஒரு முனையில் முன்சில்லு இறங்கி உட்கார ஒரு பள்ளம் செய்யச் சொல்லுங்கள். மறுமுனையில், ஜெக் தள்ளும்போது எழும்பும் ஒரு கை. அந்தக் கை சேஸியின் குறுக்குச் சட்டத்தைத் தாங்க வேண்டும், பம்பரை அல்ல. முன்சில்லும் கையும் ஒரே இரும்பில் பிணைந்திருப்பதால் வண்டி முன்னே பின்னே ஓடாது. முதலில் சொன்ன பிரச்சினை இதோடு தீர்ந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பள்ளத்துக்குத்தான் முதல் காசு செலவழிக்க வேண்டும்.

அந்தக் கைக்கு எந்த ஜெக்? பழைய ஆல்டோ, மாருதி கார்களோடு வந்த கத்தரி ஜெக், அதாவது திருகாணியைச் சுற்றினால் கால்கள் மடங்கி எழும்பும் ஜெக், இரும்புக்கடையில் கிடைக்கும். அதன் திருகாணி விட்ட இடத்தில் நிற்கும், தானாக இறங்காது. ஆனால் முழுதாகப் படுத்திருக்கும்போது சுற்றுவது பெரும்பாடு. கால்கள் கிடைமட்டத்திலிருந்து 15 பாகையில் இருந்தால் திருகாணியில் விழும் இழுவை, தூக்கும் பாரத்தைப் போல ஏறக்குறைய 3.7 மடங்கு. 30 பாகையில் அது 1.7 மடங்கு, 45 பாகையில் சரிசமம். ஆகவே ஜெக்கைப் படுக்கவைத்தே தொடங்காமல், அடியில் ஒரு இரும்புக் கட்டையை வெல்ட் பண்ணி பாதி எழுந்த நிலையிலேயே வண்டியைத் தொடுகிற மாதிரி வையுங்கள். மரை தேய்வதும் குறையும், கையும் தப்பும்.

ஹைட்ரோலிக் போத்தல் ஜெக் சுகமானது, ஒரு கையால் அடிக்கலாம். பலம் வேண்டிய மட்டும் இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. சீல் பழசானால் சத்தமில்லாமல் இறங்கும். காலையில் முழு உயரத்தில் விட்டுப் போன வண்டி தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது இரண்டு அங்குலம் கீழே இருக்கும். அதை வைத்திருப்பவர்கள் சட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, ஏற்றியதும் ஒரு தடித்த இரும்புப் பின்னைக் குறுக்கே செருகட்டும். அந்த இரும்புப் பின் தாங்கும்வரை வால்வைத் தளர்த்தி, பாரம் அதில் உட்கார்ந்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். கத்தரி ஜெக்குக்கும் இதே பின் போடலாம், போட்டால் நல்லது.

செயின் புளொக் வேறு சாதி, மேலே தொங்கவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குவது. ஒரு தொன் புளொக்குக்கு ஆட்டோ ஒரு பாரமே இல்லை, சங்கிலியை விட்ட இடத்தில் பிரேக் பிடித்து நிற்கும். என்ஜினை இறக்கி ஏற்ற இதை அடிக்க ஒன்றும் இல்லை. எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் சிக்கல். லயத்துக் கூரை மரம் தகரத்தைத் தாங்கப் போட்டது, ஒரே இடத்தில் இத்தனை கிலோவைத் தாங்க அல்ல. முக்காலி கட்டினால் மூன்று கால்களையும் அடியில் சங்கிலியால் பிணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரமண்ணில் அகன்றுவிடும். சரிவில் ஒரு காலின் நீளம் வேறாக வேண்டும். ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகும் வீடு என்றால் மூன்று பைப்பையும் தோளில் சுமக்கவும் வேண்டும். அப்படித் தொங்கவிட்ட வண்டி காற்றுக்கே ஆடும், அதில் நட்டு இறுக்க முடியாது.

பிரேக், சைலன்சர், சில்லு வேலைக்கு நான் கத்தரி ஜெக் வைத்த சட்டத்தையே எடுப்பேன். வேலை முடிந்ததும் சுவரில் சாத்தலாம். திருகாணிக்கு மழைக்காலத்துக்கு முன் கிரீஸ் பூசினால் போதும். மேற்குப் பக்கத்தார் மே மாதத்துக்கு முன், பதுளை பசறைக்காரர்கள் டிசம்பருக்கு முன். செயின் புளொக்கை ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், என்ஜின் இறக்குவது எப்போதோ ஒரு தரம்தானே. பழையது வாங்கினால் கொக்கியின் வாயைப் பாருங்கள். விரிந்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.