அடுக்ககத்தில் கண்காணிப்பு கேமராவும் கேட் செயலியும்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

எங்கள் அடுக்ககத்தில் கண்காணிப்பு கேமராக்களும், வந்து போகிறவர்களைப் பதிவு செய்யும் கேட் செயலியும் ஒரே நேரத்தில் வந்தன. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. படம் தெளிவாக இருக்கிறது, செயலி சட்டென்று திறக்கிறது, நிறுவ வந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்த மாதிரி ஏற்பாட்டின் குணம் தெரிய வேண்டுமென்றால் ஒரு திருட்டு நடக்க வேண்டும், ஒரு காவலாளி வேலையை விட்டுப் போக வேண்டும், வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு தகராறு வர வேண்டும். மூன்றும் இங்கே நடந்துவிட்டன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா இருக்கட்டும். செயலியின் வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்னால் விளக்குக்கும் காவலாளிகளின் வேலை நேரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

முதலில் திருட்டு. பின்பக்க பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த ஒரு இருசக்கர வண்டி இரவில் காணாமல் போனது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில் நாலைந்து பேர் அசோசியேஷன் அறையில் உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். சுவர் ஓரமாக ஒருவர் நடந்து வருகிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு திட்டுதான் தெரிகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கேமராவைக் கடக்கும்போது, இருட்டில் பார்க்க கேமரா பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளி நம்பர் பிளேட்டில் பட்டுத் தெறித்து, பிளேட் முழுக்க வெள்ளையாகிவிட்டது. லென்ஸின் மூலையில் ஒரு சிலந்தி வலை காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததால், அசைவு எச்சரிக்கை இரவு முழுக்க அடித்திருக்கிறது. அதனாலேயே அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. போதாக்குறைக்கு ரெக்கார்டரின் கடிகாரம் இருபது நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. காவல் நிலையத்தில் நேரம் கேட்டபோது கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இவற்றில் எதுவும் கேமராவின் பழுது இல்லை. பொருத்தும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு. நாம் வழக்கமாக வாங்கும் 1080பி கேமராவின் அகலம் 1920 பிக்சல். வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதைவிட அகலமான இடத்தை ஒரே கேமராவில் அடக்கினால் யாரோ போகிறார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. முழு பார்க்கிங்கும் ஒரே படத்தில் தெரிகிறது என்று நிறுவனத்து ஆள் பெருமையாகக் காட்டினால், அந்தப் படத்தில் எந்த முகமும் உருப்படியாகத் தெரியாது என்று அர்த்தம். உள்ளே வரும் வழி, லிஃப்ட் வாசல் போன்ற குறுகலான இடங்களில் முகத்துக்கு ஒன்று வையுங்கள். நம்பர் பிளேட்டுக்கு வேகமான ஷட்டரோடு தனியாக ஒன்று வையுங்கள். மற்ற இடங்களுக்குப் பொதுப்பார்வை போதும். ரெக்கார்டரின் நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

சேமிப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி ஆகும். 16 கேமரா என்றால் நாளுக்கு 345 ஜிபி. 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினொரு நாளில் நிறைந்து, பழையதன் மேல் எழுத ஆரம்பித்துவிடும். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து, வண்டியில் கீறல் விழுந்திருக்கிறது, பதிவைப் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

சரி, கேமராவால் குற்றம் குறைகிறதா? இதைப் பற்றி நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மறுபார்வை 2019-ல் வெளிவந்தது. கேமரா இருந்த இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில்தான். அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. ஆக, பார்க்கிங்கில் கேமரா வைப்பது நியாயமான செலவு. மாடிப்படியிலும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு எதிரிலும் வைப்பதற்கு அதே நியாயம் கிடையாது. அங்கே அது பிடிப்பதெல்லாம் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதைத்தான்.

விளக்கின் கதை வேறு. நியூயார்க்கில் 2016-ல் அரசு குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் கூடுதல் விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்தார்கள். அந்த வளாகங்களில் இரவு நேரத்தில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. எங்கள் கூட்டத்தில் இன்னும் எட்டு கேமரா வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது இதைத்தான் எடுத்துச் சொன்னேன். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு பின்சுவர் நெடுக விளக்கு போடுவது என்று முடிவானது. இப்போது இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் அந்தப் பக்கமாகவே வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். முன்பெல்லாம் கேட் பக்கமே இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது கேட் செயலி. இதைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை அதிகம்.

வெளியாள் வந்தால் காவலாளி போட்டோ எடுப்பார், நம் போனுக்கு அறிவிப்பு வரும், நாம் அனுமதித்தால் உள்ளே விடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு கேட் அருகே போய் நின்று பாருங்கள். பார்சல் கொண்டுவந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். வீட்டில் இருப்பவர் குளித்துக்கொண்டிருப்பார், அல்லது போன் சார்ஜில் கிடக்கும். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காசு என்ற நிலையில் இருக்கும் அந்தப் பையன் மழையில் நனைந்துகொண்டு அனுமதிக்குக் காத்திருப்பான். ஒரு நாள் காவலாளி என்னிடமே சொன்னார்: "முன்னாடி ஆள் மூஞ்சியைப் பார்த்துப் பேசி அனுப்புவேன் சார். இப்ப போனைத்தான் பார்த்துட்டு இருக்கேன். பின்னாடி யார் நுழையறாங்கன்னு திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை."

அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மாற்றுக்கு வர வேண்டியவர் வரவில்லையென்றால் அது இருபத்து நான்கு மணி நேரமாகிவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகத் தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி நேர வேலையை வகுத்தது 1919-ல். நூறு ஆண்டு தாண்டியும் நம் வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு அது வந்து சேரவில்லை. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் இருப்பவரை நம்பித்தான் இரவு மூன்று மணிக்கு நாம் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறோம். பல வருடம் இங்கே இருந்து எல்லாக் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் காவலாளி ஒருவர் இப்படித்தான் முடியாமல் வேலையை விட்டுப் போனார். அவருக்கு யார் வீட்டு உறவினர் யார் என்பது அத்துப்படி. புதிதாக வந்தவரிடம் செயலி இருக்கிறது, அந்தப் பழக்கம் இல்லை.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு நடப்பது இன்னும் மோசம். அவர்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார்கள் என்று எல்லாக் குடித்தனங்களும் பார்க்கலாம். நட்சத்திர மதிப்பீடும் கொடுக்கலாம். எங்கள் வளாகத்தில் ஒரு அக்கா சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார். அந்த வீட்டார் மறுத்து, செயலியில் ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். தனக்கு என்ன மதிப்பீடு விழுந்திருக்கிறது என்பதைப் பார்க்கக்கூட அவருக்கு வழி இல்லை. பதில் எழுதுவது அப்புறம். வீட்டுப் பணியாளர்களும் மற்றவர்களைப் போல உரிமையுள்ள தொழிலாளர்கள்தான் என்று 2011-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை நிறைவேறிவிட்டது. ஒரு செயலி அவர்களைப் பொருள் வாங்கும் தளத்தில் கிடக்கும் சரக்குபோல மதிப்பிட வைக்கிறது என்றால், அந்த வசதியை அணைத்து வைப்பது நம் பொறுப்பு. அமைப்புகளுக்குள் போனால் நிர்வாகி அதை அணைக்க முடியும். நாங்கள் அணைத்துவிட்டோம்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலையையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வேறெங்கோ இருந்தாலும் அவருக்கும் செயலியில் கணக்கு உண்டு. தன் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அங்கிருந்தே பார்க்கலாம். தனியாக இருந்த ஒரு பெண்ணின் வருகைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் பேசியது இங்கே நடந்தது. அந்தப் பெண் செய்த குற்றம் ஒன்றுமில்லை. தோழிகள் வந்து போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாடகை கொடுத்து ஒரு வீட்டில் இருப்பவர் அந்த வீட்டில் யாரை உட்காரவைத்துப் பேசுவது என்பது அவர் விருப்பம். பாதுகாப்புக்கென்று சேர்த்த தகவல் அவரை வெளியேற்ற உதவுகிறது என்றால், அது யாருக்குப் பாதுகாப்பு?

தகவல் வெளியே போகும் ஆபத்தும் கற்பனை இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அமெரிக்காவில் 2023-ல், வீட்டுக் கண்காணிப்பு கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று குற்றம் சாட்டி, அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது. அது 58 லட்சம் டாலருக்குச் சமரசமானது. உங்கள் ரெக்கார்டரின் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்போது எங்கள் வளாகத்தில் வருகைப் பதிவு முப்பது நாளில் தானாக அழிகிறது. வாடகைக்கு இருப்பவரின் பட்டியல் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பார்சலுக்குக் கேட் அருகில் அலமாரி வைத்தாயிற்று, அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. காவலாளிகளுக்கு எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட், சம்பளம் குறையாமல் வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்துக்குக் கேட்டிருக்கிறோம். மூன்றாவது ஆளுக்கு ஆகும் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிப்பதா, வீட்டின் பரப்பளவுப்படி பிரிப்பதா என்பதில் பேச்சு இன்னும் முடியவில்லை. சமமாகப் பிரித்தால் சின்ன வீடுகளுக்குத்தான் அடி விழும், அந்த உயர்வு நேராக வாடகையில் போய் ஏறும். பரப்பளவுப்படி பிரிக்க வேண்டும் என்றுதான் வரும் கூட்டத்திலும் பேசப் போகிறேன்.