மூலக்கூறு மாதிரி செட்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

கரிம வேதியியல் படிக்கத் தொடங்கியபோது வாங்கிய பந்து-குச்சி செட் இது. படிப்பு முடிந்தும் அதை விடவில்லை. இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அதையேதான் எடுக்கிறேன். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை என்று வழக்கமான நிறங்கள்தான்.

மூலக்கூறு வாய்பாட்டுக்கும் அமைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரியவைக்க ஒரே ஒரு பயிற்சி போதும். எத்தனாலைக் கட்டச் சொல்வேன். பிறகு அதைப் பிரித்து, அதே 2 கறுப்பு, 6 வெள்ளை, 1 சிவப்புப் பந்துகளை மிச்சம் வைக்காமல் வேறு மாதிரி கட்டச் சொல்வேன். டைமெத்தில் ஈதர் வந்துவிடும். முன்னது சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, பின்னது மைனஸ் 24-லேயே. வாய்பாடு என்பது பந்துகளின் கணக்கு மட்டும்தான் என்பது கைக்கே புரிந்துவிடும்.

மாற்றியங்களை, அதாவது ஒரே வாய்பாடு இருந்தும் அமைப்பில் வேறுபடும் சேர்மங்களை, கண்டுபிடிக்கத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், மாற்றியம் அல்லாததைக் கழித்துக்கட்டுவதில்தான் இதன் அருமை இருக்கிறது. 6 கார்பன், 14 ஹைட்ரஜன் கொடுத்துத் தாளில் வரையச் சொன்னால் ஏழெட்டுப் படங்கள் வந்து நிற்கும். உண்மையில் இருப்பது ஐந்துதான். சங்கிலியை மடக்கி வரைந்ததும், தலைகீழாக வரைந்ததும் புதுசு போலவே தெரியும். கட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். டைகுளோரோமீத்தேனும் அப்படித்தான். தாளில் இரண்டு குளோரினும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு படம், எதிரெதிரே ஒரு படம். கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றே. 1874-ல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப், கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று வாதிட்டபோது, தட்டையாக இருந்தால் வரவேண்டிய அந்தக் கூடுதல் மாற்றியம் கிடைக்கவில்லை என்பதையும் சான்றாகக் காட்டினார்.

இதற்கு நேர்மாறானது கார்வோன் என்ற மணப்பொருள். தாளில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு, கட்டிப் பார்த்தால் எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்றுக்கு ஸ்பியர்மிண்ட் மணம், இன்னொன்றுக்கு காரவே விதையின் மணம்!

ஆனால் செட்டைத் திறப்பதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து, 2 கூட்டி, ஹைட்ரஜனைக் கழித்து, இரண்டால் வகுத்தால் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து எத்தனை என்று வரும். ஆக்சிஜனைக் கண்டுகொள்ள வேண்டாம். 4 கார்பன், 8 ஹைட்ரஜனுக்கு விடை 1. ஆக ஒரு இரட்டைப் பிணைப்பு, இல்லையென்றால் ஒரு வளையம். சிஸ் (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் தொகுதிகள்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கத்தில்) இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் மொத்தம் ஆறு. இந்தக் கணக்கு இல்லாமல் உட்கார்ந்தால் அது வெறும் விளையாட்டுச் சாமான்.

சரி, குறைகள். பெரிய குறை, ஆறு கார்பன் வளையமான பென்சீன். இரட்டைப் பிணைப்பை ஒன்று விட்டு ஒன்றாகச் செருகி, அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு குளோரினை வைத்தால், இரண்டு குளோரினுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு இருப்பது, ஒற்றைப் பிணைப்பு இருப்பது என இரு பொருள்கள் கிடைக்கும். நிஜத்தில் ஒன்றுதான், எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருப்பதைக் குச்சி காட்டாது. நைட்ரஜனும் ஏமாற்றும். மூன்று வெவ்வேறு தொகுதிகளைச் செருகினால் பொருந்தாத பிம்பங்கள் வரும், ஆனால் அமீன்கள் எனப்படும் இத்தகைய சாதாரண நைட்ரஜன் சேர்மங்கள் குடைபோல் உள்வெளியாகப் புரண்டுகொண்டே இருப்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. இவ்விரண்டையும் சொல்லாமல் செட்டை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

மற்றபடி, துளைகள் நாளடைவில் தளர்ந்துவிடும். மூன்று கார்பன் வளையமான சைக்ளோபுரொப்பேனுக்கு நேரான குச்சி உதவாது, வளையும் இணைப்பு வேண்டும். அதுவும் அடிக்கடி வளைத்தால் விரிசல் விடும். வாங்கும்போது கார்பன் எத்தனை என்பதைவிட வெள்ளைப் பந்து எத்தனை என்று பாருங்கள். முதலில் தீர்ந்துபோவது அதுதான்.